பூட்டி வைப்பதா, பழக்கிக் கொடுப்பதா?
தொழிற்சாலைத் தொழிலாளருக்கான கைத்தொலைபேசிப் பாதுகாப்புப் பாடம்



ஸ்டோருக்கு முதல் நாள் வேலைக்குப் போகிற பிள்ளைக்கு யார் பாடம் சொல்லிக் கொடுக்கிறார்கள்? பக்கத்தில் நிற்கிற பழைய ஆள்தான். "தம்பி, மெஷின் ஓடும்போது கைய உள்ள விடாத. சாரத்தத் தூக்கிக் கட்டு. பெல்ட் பக்கம் போகாத." இந்த மூன்று பேச்சும் பென்ஷன் எடுக்கும்வரை மறக்காது. அதற்குப் புத்தகமும் இல்லை, பரீட்சையும் இல்லை. ஆனாலும் அதுதான் நல்ல பயிற்சி.

இன்று அதே பிள்ளையின் சட்டைப் பையில் இன்னொரு மெஷின் இருக்கிறது. அது கைத்தொலைபேசி. அஸ்வெசும உதவிப் பணம் வங்கிக் கணக்குக்கு வருகிறது. சம்பளத்தை வங்கியில் போடும் இடங்களும் கூடிவருகின்றன. கட்டுநாயக்கா, கொழும்பு, கிளிநொச்சிப் பக்கம் காமன்ட் வேலைக்குப் போன மகள் வீட்டுக்குக் காசு அனுப்புவதும் போனில்தான். இந்த மெஷினும் கையைப் பிடிக்கும். பிடித்தால் விரல் போகாது. ஒரு மாதச் சம்பளம் போகும், சில நேரம் மானமும் போகும். அப்படியிருந்தும் "கைய உள்ள விடாத" என்று சொல்லித்தர இங்கே பழைய ஆள் யாருமில்லை.

அப்படியானால் அந்தப் பழைய ஆளை நாமே உருவாக்க வேண்டும். தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்களுக்குப் போன் பாதுகாப்பை எப்படிப் பயிற்சியாகக் கொடுப்பது? தொழிற்சங்கத்தாரும், நலன்புரி உத்தியோகத்தரும், இளைஞர் கழகத்தாரும், தாய்மாரும் சேர்ந்து யோசிப்பதற்காக இந்தப் பாடத்தை எழுதுகிறோம்.

உடுவிலில் இருந்து ஒரு பாடம்

முதலில் ஒரு பழைய கதை. யாழ்ப்பாணத்துக் கதை நமக்கு எதற்கு என்று கேட்காதீர்கள். கடைசியில் நம் லயத்துக்கே வந்து சேரும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில், சுன்னாகத்துக்குப் பக்கத்தில் உடுவில் என்று ஓர் ஊர். 1816இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷனரிமார் 1824இல் அங்கே பெண்பிள்ளைகள் தங்கிப் படிக்க ஒரு பாடசாலை தொடங்கினார்கள். அதை முன்னின்று நடத்தியவர் ஹரியட் வின்ஸ்லோ அம்மையார். அதுதான் இன்றைய உடுவில் மகளிர் கல்லூரி. 2024இல் அதற்கு 200 வயது ஆனது.

அந்தக் காலத்தில் பெண்பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்பதுதான் பொதுவான எண்ணம். படித்தால் கெட்டுப்போவாள், கல்யாணம் நடக்காது என்ற பயம். தங்கள் மதத்தைப் பரப்பும் நோக்கமும் மிஷனரிமாருக்கு இருந்தது. அதைப் பற்றி நாம் இங்கே பேசவில்லை. அவர்கள் பயிற்சி கொடுத்த முறையில் மூன்று விஷயங்களைக் கவனிக்கலாம்.

ஒன்று, வீட்டாரின் பயத்தைக் கேலி செய்யாமல் அதற்கு வழி தேடினார்கள். கல்யாணம்தான் கவலை என்று தெரிந்துகொண்டு, தொடக்க காலத்தில் படித்த பெண்ணுக்கு மிஷனே சிறு சீதனமும் கொடுத்தது. இரண்டு, பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் வாசிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். மூன்று, படித்தவர்களே அடுத்தவருக்கு ஆசிரியரானார்கள். 1840இல் வந்த எலிசா அக்னியூ அம்மையார் ஏறக்குறைய 40 வருடம் அங்கே படிப்பித்தார். தம்மிடம் படித்தவர்களின் மகள்மாருக்கும் பேத்திமாருக்கும் அவரே பாடம் சொன்னார்.

இப்போது நம் வீட்டைப் பாருங்கள். "பொம்பளப் புள்ளைக்குப் போன் எதுக்கு? பிடுங்கி வை" என்கிறோம். 200 வருடத்துக்கு முன் எழுத்தைப் பற்றி இருந்த அதே பயம்தான் இது. போனைப் பிடுங்கினால் பிள்ளை பாதுகாப்பாகிவிடுமா? இல்லை. களவாக வைத்திருப்பாள். ஆபத்து வரும்போது நம்மிடம் சொல்ல மாட்டாள். மெஷினை நிறுத்துவது பாதுகாப்பு அல்ல. மெஷினுக்கு மூடி போட்டு, கையைப் பழக்குவதே பாதுகாப்பு.

மோசடிக்கும் ஒரு தொழிற்சாலை உண்டு

நம்மை ஏமாற்றுகிறவன் எங்கோ தனியாக உட்கார்ந்திருக்கும் ஒரு கெட்டிக்காரன் என்று நினைக்கிறோம். பல நேரம் அப்படி இல்லை. ஐக்கிய நாடுகள் மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்ட் மாதம் ஓர் அறிக்கை வெளியிட்டது. மியன்மாரில் குறைந்தது 120,000 பேரும், கம்போடியாவில் சுமார் 100,000 பேரும் இணையவழி மோசடி வேலையில் பலவந்தமாக அடைக்கப்பட்டிருக்கலாம் என்று அது மதிப்பிட்டது. நல்ல சம்பளத்தில் கணினி வேலை என்று நம்பிப் போய், தாய்லாந்து எல்லைக்கு அருகே மியன்மாரின் மியாவடிப் பகுதியில் சிக்கிக்கொண்ட இலங்கையரும் உண்டு. அவர்களில் சிலர் 2024இல் மீட்கப்பட்டு நாடு திரும்பினார்கள்.

அங்கேயும் ஷிப்ட் உண்டு, மேற்பார்வையாளர் உண்டு, இன்றைக்கு இவ்வளவு பிடிக்க வேண்டும் என்ற கணக்கும் உண்டு. நமக்கு இத்தனை கிலோ கொழுந்து என்பது போல! கணக்குக் குறைந்தால் அடி. ஆகவே போனில் இனிக்க இனிக்கப் பேசுகிறவர் நாள் முழுக்க அதையே தொழிலாகப் பழகியவராக இருக்கலாம். ஏமாந்துபோன நம் அக்கா முட்டாள் இல்லை. பழகாத கை பழகிய கையோடு மோதியது, அவ்வளவுதான். பயிற்சி கொடுக்கிறவர் இதை முதலில் மனதில் வைக்க வேண்டும்.

அவர்கள் பிடிக்கும் பிடி நாலே நாலு. அவசரம்: "இப்பவே சொல்லாட்டி கணக்கு மூடிப்போகும்." பயம்: "பொலிஸ்ல உங்க பேரு இருக்கு." ஆசை: "லொத்தர் விழுந்திருக்கு." வெட்கம்: "உன் படத்த வீட்டுக்கு அனுப்பவா?" வார்த்தை நாளுக்கு நாள் மாறும், பிடி மாறாது. அதனால் புதுப்புது மோசடியின் பெயரை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. இந்த நாலு பிடியையும் அடையாளம் காணப் பழக்கினால் போதும்.

பயிற்சியை எப்படி அமைப்பது?

முதலில் கேளுங்கள், பிறகு சொல்லுங்கள். வெளியில் இருந்து ஒருவர் வந்து இரண்டு மணித்தியாலம் பேசிவிட்டுப் போவது பயிற்சி ஆகாது. ஐந்தாறு பேருடன் உட்கார்ந்து விசாரியுங்கள். வீட்டில் எத்தனை போன்? பட்டன் போனா, தொடு திரையா? ஒரே போனை எத்தனை பேர் பாவிக்கிறார்கள்? மெனு எந்த மொழியில் இருக்கிறது? ஏ.டி.எம். அட்டையின் இரகசிய எண் யாருக்குத் தெரியும்? இதற்குப் பதில் தெரியாமல் பாடம் அமைத்தால், ஒரே போனைப் பாவிக்கும் குடும்பத்திடம் "உங்கள் போனை யாரிடமும் கொடுக்காதீர்கள்" என்று சொல்லிக்கொண்டிருப்போம்.

நேரத்தைக் களவெடுக்காதீர்கள். வேலை முடிந்து களைத்துப்போன பெண்ணுக்கு வீட்டில் சமையலும் பிள்ளையும் காத்திருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை பயிற்சி என்றால் யார் வருவார்? கிலோவுக்கும் உருப்படிக்கும் கூலி வாங்குகிறவருக்கு ஒரு மணித்தியாலம் போனால் காசு போகும். ஆகவே வேலை நேரத்திலேயே, கூலி வெட்டாமல், 15 நிமிடம் ஒதுக்கும்படி நிர்வாகத்திடம் கேட்க வேண்டும். தேயிலை ஸ்டோரில் இரவிலும் வேலை நடப்பதால், ஒவ்வொரு ஷிப்டுக்கும் தனித்தனியாக வைக்க வேண்டும். மலைக்குப் போகிறவர்களுக்குப் பெரட்டில் 5 நிமிடம் போதும், ஒரு நாளைக்கு ஒரே ஒரு விஷயம் என்றால்.

சொல்லிக் கொடுப்பவர் பக்கத்து ஆளாக இருக்கட்டும். இது புதிய யோசனை அல்ல. 2007இல் தொடங்கிய ஹெர்புரொஜெக்ட் என்ற திட்டம் பல நாட்டு ஆடைத் தொழிற்சாலைகளில் இந்த முறையைத்தான் கையாண்டது. தொழிலாளரில் சிலரைத் தெரிந்தெடுத்துப் பழக்கினார்கள். அவர்கள் தங்களோடு வேலை செய்கிறவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். பங்களாதேஷில் சம்பளம் கைக்காசில் இருந்து போன் கணக்குக்கு மாறியபோதும் இந்த முறை உதவியது. 2020 ஏப்ரலில் கொரோனா நேரம் அந்த நாட்டு அரசாங்கம் ஏற்றுமதித் தொழிற்சாலைகளுக்கு 5,000 கோடி டாக்கா கடன் ஒதுக்கி, சம்பளத்தைத் தொழிலாளியின் வங்கிக் கணக்குக்கோ போன் கணக்குக்கோ நேராக அனுப்ப வேண்டும் என்று நிபந்தனை போட்டது. பெருந்தொகையானோர் அவசர அவசரமாகக் கணக்குத் திறந்தார்கள். கணக்குத் திறப்பது ஒரு நாள் வேலை. ஆனால் இரகசிய எண்ணைக் கடைக்காரரிடமோ கணவரிடமோ கொடுக்காமல், தானே காசு எடுக்கப் பழகுவது பல வாரத்து வேலை. நமக்கும் அதே நிலைதான்.

ஒரு வாரம், ஒரு பழக்கம்

எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டினால் ஒன்றும் தங்காது. 6 வாரத்துக்குப் பிரித்துக்கொள்வோம்.

1ஆம் வாரம்: போனுக்குப் பூட்டு. பிறந்த வருடமோ 1234ஓ வேண்டாம். ஒவ்வொருவரும் அந்த இடத்திலேயே தம் கையால் பூட்டுப் போட்டுப் பார்க்க வேண்டும். மெனுவைத் தமிழுக்கு மாற்ற முடிந்தால் அன்றைக்கே மாற்றிக் கொடுங்கள்.

2ஆம் வாரம்: ஓ.டி.பி. எண். வங்கியோ வாட்ஸ்அப்போ அனுப்பும் சிறு எண் அது. வாட்ஸ்அப்புக்கு வரும் 6 இலக்கத்தைச் சொல்லிவிட்டால் கணக்கே வேறு கைக்குப் போய்விடும். பிறகு உங்கள் பெயரில் உங்கள் சொந்தக்காரரிடம் காசு கேட்பார்கள். "போனுக்கு வந்த எண் வாய்க்கு வரக் கூடாது." இந்த ஒரு வரியைப் போதும் போதும் என்னும்வரை சொல்லவைக்க வேண்டும்.

3ஆம் வாரம்: லிங்கும் லொத்தரும். தபாலில் பார்சல் வந்திருக்கிறது, கட்டணம் கட்டுங்கள் என்று தபால் திணைக்களத்தின் பெயரில் பொய்க் குறுஞ்செய்திகள் வந்து பலர் ஏமாந்தார்கள். வாங்காத லொத்தர் விழாது. பரிசு வாங்க முதலில் காசு கட்டு என்றால் அது பரிசு இல்லை.

4ஆம் வாரம்: அடையாள அட்டை. இந்த அட்டையின் அருமை மலையகத்தாருக்குத் தெரியாததா? 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நம் பாட்டன், பாட்டிமாரை நாடற்றவர் ஆக்கியது. எஞ்சியிருந்தவர்களுக்கும் வழி திறந்தது 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம். அவ்வளவு காலம் காத்திருந்து வாங்கிய அட்டையைப் படமெடுத்து, முகம் தெரியாதவனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பலாமா? அந்தப் படத்தை வைத்து உங்கள் பெயரில் சிம் எடுக்கவோ கடன் கேட்கவோ பார்ப்பார்கள். பழக்கத்துக்காக உங்கள் பெயரில் இன்னொருவருக்கு சிம் எடுத்துக் கொடுப்பதும் ஆபத்து. அவர் செய்யும் குற்றத்துக்குப் பொலிஸ் உங்கள் கதவைத்தான் தட்டும்.

5ஆம் வாரம்: வேலை, கடன், சங்கிலி வியாபாரம். வெளிநாட்டு வேலை என்றால் கிளம்புமுன் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு எடுத்துக் கேளுங்கள். போனில் உடனடிக் கடன் தரும் சில செயலிகள் உங்கள் போனில் உள்ள எல்லா இலக்கங்களையும் எடுத்துக்கொண்டு, தவணை தவறினால் ஊருக்கெல்லாம் சொல்லி மானத்தை வாங்கும். ஆள் சேர்த்தால் காசு என்னும் பிரமிட் திட்டம் வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவின்படி தடைசெய்யப்பட்டது. அதில் சேரச் சொல்லி வருகிறவர் நம் சித்தப்பாவாகவோ மச்சானாகவோ இருப்பார். காசோடு சேர்த்து உறவையும் தின்னும் மோசடி அது.

6ஆம் வாரம்: படமும் வெட்கமும். இதைப் பெண்களுக்குத் தனியாக, பெண்ணே நடத்த வேண்டும். இளைஞருக்கும் தனியாக நடத்த வேண்டும்; மிரட்டுகிறவனுக்கு ஆணும் ஒன்றுதான், பெண்ணும் ஒன்றுதான். "ஏன் அனுப்பினாய்?" என்று ஒருபோதும் கேட்கக் கூடாது. குற்றம் மிரட்டுகிறவனுடையது. காசு கொடுத்தால் நிற்க மாட்டான், திரும்பவும் கேட்பான். ஆதாரத்தை அழிக்காமல் வைத்து, நம்பிக்கையான ஒருவரிடம் அன்றைக்கே சொல்ல வேண்டும்.

நடித்துப் பழகுவோம்

சொன்னது காதில் நிற்கும், நடித்தது வாயில் நிற்கும். இரண்டு பேரை எழுப்பி இப்படி நடிக்கவிடுங்கள்.

"ஹலோ, வங்கியில இருந்து பேசுறோம். உங்க ஏ.டி.எம். கார்டு இன்னைக்கு ராத்திரியோட வேல செய்யாது."

"ஐயோ, அப்படிங்களா? நாளைக்குச் சம்பளமுங்களே!"

"பயப்படாதீங்க அம்மா. இப்ப ஒரு நம்பர் வரும். அத மட்டும் சொல்லுங்க."

"சரிங்க சார். நான் நாளைக்கு பேங்க்குக்கே வந்து கேக்கிறேனுங்க."

"நாளைக்கு வந்தா லேட்டாயிரும்! இப்பவே சொல்லுங்க!"

"அப்ப லேட்டாவே ஆவட்டும் சார். வச்சிடுறேன்."

எல்லோரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில்தான் பாடம் ஏறுகிறது. நம் ஆட்களுக்கு "சார்" என்று பேசுகிறவரிடம் போனை வைப்பது கஷ்டம். தொரைக்கும் கணக்கப்பிள்ளைக்கும் பதில் பேசாமல் தலையாட்டிப் பழகிவந்த பரம்பரை நாம். மோசடிக்காரனுக்கு இது தெரியும். ஆகவே போனை வைப்பது மரியாதைக் குறைவு அல்ல என்பதையும் பழக்க வேண்டும்.

காசு போய்விட்டால்: முதல் மணித்தியாலம்

நெருப்புப் பிடித்தால் என்ன செய்வது என்று ஸ்டோரில் ஒத்திகை பார்ப்பது போல இதற்கும் ஒத்திகை வேண்டும். முதலில் வங்கிக்கு எடுத்து அட்டையையும் கணக்கையும் நிறுத்தச் சொல்லுங்கள். ஈசி கேஷ், எம் கேஷ் என்றால் அந்தந்தப் போன் கம்பனிக்கு எடுங்கள். வங்கியின் இலக்கத்தை இன்றைக்கே போனிலும், வீட்டுச் சுவரிலும் எழுதி வையுங்கள். குறுஞ்செய்தி, இலக்கம், ரசீது எதையும் அழிக்காதீர்கள். பிறகு பொலிஸில் முறைப்பாடு கொடுங்கள். கணினிக் குற்றங்கள் பற்றிய 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. ஆகவே "இதுக்கெல்லாம் சட்டம் இல்ல" என்று யாரும் உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது. இணையப் பாதுகாப்பு ஆலோசனைக்கு இலங்கை சேர்ட் நிறுவனத்தின் 101, பெண்களுக்கு 1938, சிறுவர்களுக்கு 1929 ஆகிய இலக்கங்கள் உண்டு.

நிர்வாகத்துக்கும் ஒரு வார்த்தை

பாதுகாப்பு தொழிலாளியின் பொறுப்பு மட்டும் அல்ல. மெஷினுக்கு மூடி போடுவது யாருடைய வேலை? தொழிலாளரின் அடையாள அட்டைப் பிரதிகளும் வங்கி விபரங்களும் அலுவலக மேசையில் திறந்து கிடக்கக் கூடாது. சம்பளப் பட்டியலைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடக் கூடாது. தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாப்பதற்கென்றே 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் வந்திருக்கிறது. கங்காணியோ மேற்பார்வையாளரோ எவருடைய இரகசிய எண்ணையும் கேட்கக் கூடாது. கேட்டால் சொல்ல மறுக்கும் உரிமை உண்டு என்று அறிவித்தல் பலகையில் தமிழில் எழுதிப் போடச் சொல்லுங்கள்.

பயிற்சி வெற்றியா என்று எப்படி அறிவது?

எழுத்துப் பரீட்சை வேண்டாம். எழுத்து வராதவர் வெட்கப்பட்டு ஒதுங்குவார். ஒரு மாதம் கழித்துக் கேளுங்கள்: "பொய் அழைப்பு யாருக்காவது வந்ததா? வந்ததும் யாரிடம் சொன்னீர்கள்?" முன்பு யாரும் வாய் திறக்காத இடத்தில் இப்போது பத்துப் பேர் வந்து சொல்கிறார்கள் என்றால், மோசடி கூடிவிட்டது என்று பயப்பட வேண்டாம். மௌனம் குறைந்துவிட்டது என்று அர்த்தம். ஏமாற்றுகிறவன் நம் அறியாமையால் ஒரு முறை பிழைக்கிறான். நம் மௌனத்தால் பல முறை பிழைக்கிறான். முதலில் ஏமாந்த அக்கா வெட்கப்படாமல் பெரட்டில் சொல்லியிருந்தால், அடுத்த லயத்து அக்காவின் சம்பளம் தப்பியிருக்கும்.

உடுவிலில் அன்று எழுத்தைப் பூட்டி வைக்கவில்லை, பழக்கிக் கொடுத்தார்கள். பழகியவர்கள் மகளுக்கும் பேத்திக்கும் வழி காட்டினார்கள். நாமும் போனைப் பிடுங்குவதை விட்டு, பிள்ளையின் பக்கத்தில் உட்காருவோம். சில விஷயத்தை அவளே நமக்குச் சொல்லித் தருவாள். அவசரமும் ஆசையும் காட்டி வருகிறவனை அடையாளம் காண நாம் அவளுக்குச் சொல்லிக் கொடுப்போம். அந்த விஷயத்தில் நமக்கு அனுபவம் அதிகம்.

கூடிப் பேசுவோம்

1. உங்கள் வீட்டில் ஏ.டி.எம். அட்டை யார் கையில் இருக்கிறது? கடைக் கடனுக்கு அடகாகக் கொடுத்திருக்கிறீர்களா?
2. உங்கள் லயத்தில் அல்லது ஷிப்டில் "பழைய ஆளாக" நின்று சொல்லிக் கொடுக்கக்கூடிய இரண்டு பேர் யார்? அதில் ஒருவராவது பெண்ணா?
3. உங்கள் மகளுக்கு நாளைக்கு ஒரு மிரட்டல் வந்தால் முதலில் உங்களிடம் சொல்வாளா? சொல்ல மாட்டாள் என்றால், ஏன்?